பூட்டிய விளையாட்டு

கம்ப்யூட்டர் புரோகிராமை விலைகொடுத்து வாங்கியவர், ஆபத்துக்கு உதவட்டும் என்று அதற்கொரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று 1980-ஆம் ஆண்டில் அமெரிக்கக் காங்கிரஸ் பெரிய மனதோடு சட்டம் செய்ய, விளையாட்டு விற்ற வர்த்தகர்களோ, அந்தப் பாத்தியதையை மனதார அங்கீகரித்து, பிரதியே எடுக்க முடியாத பிளாப்பிகளாகப் பார்த்துத் தயாரித்துக் கொடுத்தார்கள்.

கமடோர் 64 என்ற வீட்டுக் கம்ப்யூட்டருக்கென வந்த 1541 என்ற பிளாப்பி டிரைவ் பட்ட பாடுதான் பெரும்பாடு. பிளாப்பியில் சில இடங்களை வேண்டுமென்றே பழுதாக்கி வைப்பார்கள். பழுது இருந்தால்தான் அசல், அங்கஹீனம் ஏதுமின்றி ஆரோக்கியமாக இருந்தால் அது களவுச் சரக்கு என்பது அவர்கள் கண்ட தர்க்க சாஸ்திரம். இந்த சாஸ்திரம் பயிலாத டிரைவோ, படிக்க முடியாத இடத்தைக் கண்டு திகைத்து, பிளாப்பியைப் படிக்கும் தன் தலை எந்தத் தடத்தில் நிற்கிறது என்று அறியும் உறுப்பு தனக்கு அருளப்படாத காரணத்தால், அந்தத் தலையைப் பின்னுக்கு இழுத்துத் தடுப்பில் கடகடவென்று முட்டி முட்டித்தான் முதல் தடம் இதுவென்று நிச்சயித்துக்கொள்ளும். முட்டிய தலை நாளடைவில் நிலைபிசகினால், பிறகு அசலும் ஓடாது. இத்தனை தலையிடியும் காசு கொடுத்த உத்தமருக்குத்தான். பூட்டுடைத்த பிரதியைக் கைமாற்றாக வாங்கியவர் வீட்டில் டிரைவ் பரம சாதுவாகச் சுழன்றது.

ஆப்பிள் II கம்ப்யூட்டர் வட்டாரத்தில், பூட்டிய பிளாப்பிகளைப் பிரதியெடுப்பதற்கென்றே லாக்ஸ்மித் என்றொரு புரோகிராம் விற்பனைக்கு வந்தது. அதன் பிளாப்பியையும் பூட்டித்தான் விற்றார்கள். தங்கள் வாடிக்கையாளரின் குணம் அவர்களுக்குத் தெரியாதா என்ன!