ஒட்டிய ஓனர், ஒட்டாத ஓனர்

சொத்து வாங்குமுன் வில்லங்கம் பார்க்கிறோம், மூலப்பத்திரம் பார்க்கிறோம். ஆங்கில அகராதியையும் ஒருதரம் பார்த்துவிடுவது நல்லது. யார் எதோடு எவ்வளவு ஒட்டிக்கொள்ளலாம் என்று அது தனியாகத் தீர்ப்பு எழுதி வைத்திருக்கிறது.

நிலம் வைத்திருப்பவர் 'லேண்ட்ஓனர்'. இடைவெளியே இல்லாத ஒரே சொல். நில உச்சவரம்புச் சட்டத்தாலும் பிரிக்க முடியாத பந்தம். 'ஹோம்ஓனர்' என்பதையும் இப்போது சேர்த்தே எழுதுகிறார்கள். நம் ஊர் 'ஹவுஸ் ஓனர்' மட்டும் இரண்டு சொல். நடுவில் உள்ள அந்த இடைவெளியில்தான் 10 மாத அட்வான்ஸ் கொடுத்துவிட்டு நாம் குடியிருக்கிறோம்.

அந்த வீட்டைப் பார்த்துக்கொள்ளும் 'ஹவுஸ்கீப்பர்' ஒரே சொல். கடையிலும் இதே கதைதான். கடையைத் திறந்து சாமான் கட்டிக் கொடுத்தால் 'ஷாப்கீப்பர்' என்று சேர்ந்துவிடுவார். வெறுமனே சொந்தம் கொண்டாடினால் 'ஷாப் ஓனர்' என்று தள்ளி நிற்க வேண்டியதுதான். மார்க்ஸ் 1849 முதல் லண்டனில் உட்கார்ந்து எழுதியது வீண்போகவில்லை. புரட்சி அகராதிவரை வந்திருக்கிறது.

கூட்டுச் சொத்துக்காரர் 'கோ-ஓனர்'. இங்கே கட்டாயம் ஒரு ஹைபன். பங்காளிகளுக்கு நடுவே வரப்பு இல்லாமல் எப்படி? கோட்டை எடுத்துவிட்டால் இரண்டு 'ஓ'வும் ஒட்டி 'கூனர்' என்று படிக்கத் தோன்றும். பாகப்பிரிவினைக்கு முன்பே பங்காளிக்கு முதுகு வளைந்துவிடும்.

சொந்த வீட்டில் தானே குடியிருப்பவருக்கு 'ஓனர்-ஆக்குபையர்' என்று பெயர். இருப்பது ஒரே ஆள், நடுவில் எதற்குக் கோடு என்று கேட்கலாம். வீட்டுக்கடன் வாங்கியவர்கள் கேட்க மாட்டார்கள். தவணை கட்டுகிறவரும் நிம்மதியாகத் தூங்குகிறவரும் ஒரே ஆளாக இருக்கவே முடியாது.

இந்தக் கோடுகளும் நிரந்தரமல்ல. 2007-இல் வந்த ஷார்ட்டர் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் ஆறாம் பதிப்பு, சுமார் 16,000 சொற்களிலிருந்து ஹைபனைத் தூக்கியெறிந்தது. தொப்பையைக் குறிக்கும் 'பாட்-பெல்லி' அதில் இரண்டாகப் பிரிந்தது. தொப்பை குறைந்ததாகத் தகவல் இல்லை.

கோட்டையாவது சகித்துக்கொள்ளலாம். தலைக்கு மேலே தொங்கும் அந்தக் குட்டிக் காற்புள்ளி இருக்கிறதே, அபாஸ்ட்ரபி, அதுதான் ஆளைக் கொல்வது. எங்கள் குடியிருப்பில் 'ஃப்ளாட் ஓனர்ஸ் அசோசியேஷன்' என்று பலகை எழுதப் பொதுக்குழு கூடியது. குறியை 'எஸ்'ஸுக்கு முன்னால் போட்டால் ஒரே ஓனருடைய சங்கம். பின்னால் போட்டால் எல்லாருடைய சங்கம். செயலாளர் முன்னால் போட்டு மாதிரி எழுதியிருந்தார். "நடப்பும் அதுதானே சார்" என்றார் மூன்றாம் மாடிக்காரர்.

குறியே வேண்டாம் என்றார் ஓய்வுபெற்ற பேராசிரியர். அமெரிக்காவில் 1890-இல் தொடங்கிய இடப்பெயர் வாரியம், ஊர்ப் பெயர்களில் உடைமைக் குறியை அனுமதிப்பதில்லையாம். விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்களுக்குத்தான் விலக்கு. மார்த்தாஸ் வின்யார்ட் தீவுக்கு அது 1933-இல் கிடைத்தது. ஊர்ப் பெயராகிவிட்ட பிறகு அதில் உடைமையைக் காட்டத் தேவையில்லை என்பது வாரியத்தின் கட்சி.

அதுவரை பேசாமல் இருந்த பொருளாளர் கணக்கு நோட்டைப் புரட்டினார்.

"இந்த மாசம் மெயின்டனன்ஸ் கட்டினது ஒருத்தர்தான். குறி 'எஸ்'ஸுக்கு முன்னாலேயே இருக்கட்டும்."

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.