பெமிற் புத்தகத்துக்கு உறுதி கோரும் விண்ணப்பம்

மின்வாசிப்புக் கருவிகளைச் செய்து உலகெங்கும் விற்கும் கம்பனிகளின் பெருமதிப்புக்குரிய பணிப்பாளர் சபையினருக்கு,

வன்னியின் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களின் வாசகர் சார்பில் பணிவுடன் சமர்ப்பிக்கப்படும் இவ்விண்ணப்பம், முறைப்படி, நன்றியிலிருந்தே தொடங்குகிறது. மின்தாள் எனப்படும் திரை, நுண்ணிய உறைகளுக்குள் மிதக்கும் கறுப்பு வெள்ளைத் துணிக்கைகளை மின்புலத்தால் மேலும் கீழும் நகர்த்தி எழுத்தைக் காட்டுவது. பக்கம் மாறும் கணத்தில் மட்டுமே அது மின்சாரம் கேட்பதால், ஒருமுறை சார்ஜ் ஏற்றிய கருவி வாரக்கணக்கில் உழைக்கிறது. சபையினருக்கு இது ஒரு விளம்பர வரியாக இருக்கலாம். 1990களின் போர்க்காலப் பொருளாதாரத் தடையில் பற்றரியே தடைசெய்யப்பட்ட பொருளாகி, ஜாம் போத்தலுக்குள் திரியிட்டுச் சொட்டு மண்ணெண்ணெயில் எரித்த விளக்கின் கீழ் பரீட்சைக்குப் படித்த நிலத்திலோ இது ஏறக்குறைய தெய்வச் செயல். 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலத்தை எட்டியபோதும், 2025 பெப்ரவரி 9 இல் பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதால் என்று அமைச்சர் விளக்கமளித்த இருளில் நாடே மூழ்கியபோதும், கையில் கருவி வைத்திருந்தவரின் கதை பாதியில் நிற்க வேண்டியிருக்கவில்லை.

சிறு குறைகளும் உண்டு. பழைய கருவிகள் சிலவற்றில் விரலின் தொடுகையை அறிவது திரையின் மேற்பரப்பு அல்ல, அதன் விளிம்பிலிருந்து குறுக்கும் நெடுக்கும் பாயும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களே. கதிரை மறிப்பது விரலா பூச்சியா என்று கருவி விசாரிப்பதில்லை. ஆகவே மாரியின் முதல் மழை விட்ட இரவில் வெளிச்சம் தேடி வரும் ஈசல், வாசகரைக் கேளாமலே அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடக்கூடும்.

எழுத்துரு பற்றிய குறை இதைவிடப் பெரியது. இலங்கைத் தமிழ் அச்சகங்களும் கணினி நிலையங்களும் நெடுங்காலமாகப் பயன்படுத்திவரும் பாமினி, ஆங்கில எழுத்துகளின் இருக்கைகளில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்த எழுத்துரு. ஒவ்வொரு எழுத்துமுறைக்கும் தனி இடம் ஒதுக்கும் ஒருங்குறியை மட்டுமே அறிந்த கருவியில் அந்தக் கோப்பைத் திறந்தால், ‘தமிழ்’ என்ற சொல் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாக எழுந்து நிற்கும். 2005 இல் தொடங்கப்பட்ட ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் பக்கம் பக்கமாக வருடி இலவசமாக வைத்திருப்பதால், வன்னிக் கிராமமான தண்ணிமுறிப்பைக் களமாகக் கொண்ட அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’ போன்ற நாவல்களின் பழைய அச்சுப் பிரதியைத் தேடி ஊரூராக அலைய வேண்டியதில்லை என்பது உண்மையே. ஆனால் வருடிய பக்கம் ஒரு படம். எழுத்தைப் பெருப்பித்தால் வரி மடிந்து கொடுப்பதில்லை, திரைக்கு வெளியே ஓடிவிடுகிறது. ஆறு அங்குலத் திரையில் முழுப் பக்கத்தையும் பார்த்தால் எறும்பு ஊர்வலம், பெருப்பித்தால் பாதி வரி.

இவை எல்லாம் பொறுக்கத்தக்கவை. பொறுக்க முடியாதது உரிமம் என்ற சொல். மின்னூலுக்குப் பணம் கட்டியவர் பெரும்பாலும் வாங்கியது நூலை அல்ல, அதை வாசிக்கும் அனுமதியையே என்பதை இச்சொல் குறிக்கிறது. இதைச் சபையினர் பல பக்க நிபந்தனைகளில் விளக்கியிருக்கிறார்கள். வன்னிக்கு அவ்வளவு சிரமம் தேவையில்லை. 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ், குளங்களை அண்டிக் குடியேறிய பல குடும்பங்கள் இன்றும் வைத்திருப்பது சொந்தமென்று எழுதிய உறுதிக் காணி அல்ல, அனுமதிப் பத்திரத்தில் வந்த பெமிற் காணி: உழலாம், விதைக்கலாம், நினைத்தபடி விற்க முடியாது, நிபந்தனை மீறினால் அரசு அனுமதியை இரத்துச் செய்யலாம். எனினும் பெமிற்காரர் தமக்குப் பின் காணி யாருக்கு என்று பின்னுரித்தாளரைப் பெயர் குறிக்கலாம். சபையினரின் நூலடுக்குக்கு அந்த வசதியும் கிடையாது. பிள்ளைக்கு எழுதிவைக்க முடியாது, சனசமூக நிலைய வாசிகசாலைக்குக் கொடுக்க முடியாது, அயல்வீட்டுக்கு இரவல் கொடுத்துத் திரும்பி வராமல் மனம் நோகும் பாக்கியமும் இல்லை. பெமிற்றிலும் தாழ்ந்த பெமிற்றை உலகுக்கு அறிமுகப்படுத்திய பெருமை சபையினருக்கே உரியது.

2009 ஜூலையில் அமேசன் நிறுவனம், விற்றவரிடம் பதிப்புரிமை இல்லை என்று கண்டு, ஜோர்ஜ் ஓர்வெலின் ‘1984’ நாவலை வாங்கியவர்களின் கருவிகளிலிருந்து தொலைவிலிருந்தே அழித்தது. வன்னிச் சனம் போரின் இறுதியில் தம் நூல்களைப் பதுங்குகுழிகளிலும் வழியோரங்களிலும் விட்டுவிட்டு முகாம்களுக்குள் வந்து சேர்ந்து அப்போது சில மாதங்களே ஆகியிருந்தன. இடம்பெயராமல், வீட்டுக் கதிரையில் இருந்தபடியே நூலை இழக்கும் முறை அவ்வாறு உலகுக்குக் கிடைத்தது. அமேசன் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது, அதன் தலைவர் மன்னிப்பும் கேட்டார். வன்னியில் அந்த வழக்கம் இல்லாததால் இவ்விரண்டும் இங்கு வியப்புடன் குறித்துவைக்கப்படுகின்றன.

ஆகவே விலை கொடுத்த நூலுக்கு உறுதி எழுதித் தரும்படியும், அது இயலாதெனில் பின்னுரித்தாளர் ஒருவரையாவது பெயர் குறிக்க இடமளிக்கும்படியும் வேண்டப்படுகிறது. கிராம அலுவலரின் வதிவிடச் சான்றும் அடையாள அட்டைப் பிரதியும் மும்மூன்றாக இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன.

இவ்விண்ணப்பம் பாமினியில் தட்டச்சிடப்பட்டுள்ளது. சபையினரின் கருவியில் திறக்கும்போது வரிக்கு வரி அரைப்புள்ளிகள் தெறித்துக் கிடந்தால், அதை விண்ணப்பதாரரின் கோபம் என்று கருதாதிருக்க வேண்டும்.