கீழாநெல்லியும் காமாலையும்

கேள்வி: மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து குடித்தாலே போதும், வேறு வைத்தியம் வேண்டியதில்லை என்று பெரியவர்கள் சொல்வது மெய்தானா?
– ஒரு வாசகர், குடுமியான்மலை.

பதில்: சங்கீத ஸ்வரங்களைச் சீடர்களின் நன்மைக்கென்று பாறையிலே பொறித்து, பாடுகிறவர் எவரும் ஒத்துப் பார்க்கலாம் என்று வைத்த ஊர் தங்களுடையது, ஔஷத விஷயத்திலும் அம்முறையே சிலாக்கியம். அவ்விதம் ஒத்துப் பார்த்த சென்னைப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், காமாலைக்குக் காரணங்களுள் ஒன்றான ஹெபடைடிஸ்-பி கிருமியைக் கண்டறிந்து 1976-இல் நோபல் பரிசு பெற்ற பிளம்பெர்கோடு சேர்ந்து 1988-இல் வெளியிட்ட முடிவில், கீழாநெல்லிப் பொடியை 30 நாள் உட்கொண்ட 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்திலிருந்து அக்கிருமியின் அடையாளம் மறைந்ததென்றும், மருந்தில்லாத போலிப் பொடி உண்ட 23 பேரில் ஒருவருக்கே மறைந்ததென்றும் கண்டார்கள். ஆனால் பிற்பாடு பிற தேசங்களில் நடந்த பரீட்சைகள் அப்பலனைத் தரவில்லை.

மேலும், காமாலை தனியொரு வியாதியன்று. பல வியாதிகளின் அடையாளம். அசுத்த ஜலத்தால் பரவும் ஹெபடைடிஸ் ஏ வகை பெரும்பாலும் சில வாரங்களில் தானே தணிய, கீர்த்தி முழுவதையும் மூலிகை பெற்றுக்கொள்கிறது. பித்தக் குழாயைக் கல் அடைத்துக்கொண்டாலோ எந்த இலைச்சாறும் அதை அகற்றாது. ஆகையால் ரத்தப் பரிசோதனையால் காரணத்தை நிச்சயித்துக்கொண்டு, அதன்பின் தகுதி பெற்ற சித்த வைத்தியரின் யோசனைப்படி மூலிகையை நாடுங்கள்; தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள்; குழந்தை பிறந்தவுடனே பி வகைக்குத் தடுப்பூசி போடுங்கள். கீழாநெல்லி வரப்பிலே காத்திருக்கும், கல்லீரல் காத்திராது.