பல்லைப் பாத்து வாங்குடா, பேராண்டி

ஐப்பசி பெறந்தாச்சு. மழை வருதோ இல்லையோ, ஒன் போன் வந்துரும். "தாத்தா, தீவாளிக்கு வரணும்னுதான் இருக்கேன், டிக்கெட்டுதான் கெடைக்கல." மெட்ராசுல கம்ப்யூட்டர் கம்பெனியில உத்தியோகம், கையில ரெண்டு போனு, காதுல ஒரு கருவி. இம்புட்டும் இருந்து ஒரு ரயில் டிக்கெட்டு எடுக்க வக்கில்ல. நான் என்னத்தக் கண்டேன், மூணாப்புல நின்னவன். ஆனா முன்ன 120 நாளைக்கு முந்தி கொடுத்துக்கிட்டிருந்த டிக்கெட்ட 2024 நவம்பருல இருந்து 60 நாளாக் கொறச்சுட்டான்னு டீக்கடைப் பேப்பர்ல பாத்தேன். தீவாளித் தேதி காலண்டர்ல அச்சடிச்சே வருது. அதுல இருந்து 60 நாளப் பின்னுக்கு எண்ணத் தெரியாத ஒனக்கு எதை நம்பிச் சம்பளம் கொடுக்கான்?

சரி, விட்டாச்சு. தட்கலாவது பாரு. ஏசிக்கு காலையில 10 மணி, மத்ததுக்கு 11 மணி. ஐ.ஆர்.சி.டி.சி. கணக்குல ஆதாரைச் சரிபாத்து வச்சிருந்தாத்தான் அதுலயும் நொழைய விடுவான். அதுவும் போச்சுன்னா அரசு விரைவு பஸ்சுக்கு டி.என்.எஸ்.டி.சி. தளம் இருக்கு, அங்க 90 நாளைக்கு முந்தியே சீட்டுப் போடலாம். நீ என்ன செய்வேன்னு எனக்குத் தெரியாதா? மொத நாள் ராத்திரி கோயம்பேட்டுக்கும் கிளாம்பாக்கத்துக்கும் அலைஞ்சு, ஆம்னி பஸ்காரன் சொல்லுத வெலையக் கொடுத்துட்டு வந்து எங்கிட்டப் பொலம்புவ. 1800 425 6151னு போக்குவரத்துத் துறை நம்பரு வருசா வருசம் பேப்பர்ல போடுதான். அதுல பொலம்பு. எங்கிட்டப் பொலம்புனா நான் சிரிக்கத்தான் செய்வேன்.

இப்ப பட்டாசுக்கு வருவோம். நீ இன்னும் ஆர்டர் போடலையே? போட்டிருந்தா இப்பமே சொல்லிரு.

நம்ம ஊருல இருந்து சிவகாசி என்ன பெரிய தூரம்? தெருவுல பாதிப் பொம்பளையாளுக விடியுமுன்ன பட்டாசுப் பயராபீசு வேன்ல ஏறிப் போறாக. அப்படியாப்பட்ட ஊருல பெறந்த நம்ம மேலத்தெரு வாத்தியார் மகன், கோயம்புத்தூர்ல ஒக்காந்துக்கிட்டு போன்ல பட்டாசு வாங்கியிருக்கான். படம் படமாப் போட்டு, மேல சாமி படம், கீழ சிவகாசி விலாசம், நடுவுல 80 சதவீதம் தள்ளுபடி. வாட்ஸப்புல பேசுனவன் 'அண்ணே, அண்ணே'ன்னு கொழைஞ்சிருக்கான். இவன் பணத்த அனுப்பவும், லாரி ரசீதுன்னு ஒரு படம் வந்திருக்கு. லாரி வாடகை தனின்னான், கட்டுனான். வரி தனின்னான், அதையும் கட்டுனான். அதுக்குப் பெறகு போனு செத்துப்போச்சு. கடைசியில என்னையத் தொணைக்குக் கூட்டிக்கிட்டு அந்த விலாசத்துக்குப் போனா, அது ஒரு பஞ்சர் கடை. கடைக்காரர் அலுத்துக்கவே இல்ல. "பட்டாசா? இந்தப் பெஞ்சுல ஒக்காருங்க, உங்களுக்கு முந்தி வந்தவரு இப்பத்தான் டீ குடிச்சிட்டுப் போறாரு"ன்னாரு.

டேய், ஆன்லைன்ல பட்டாசு விக்கக் கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட்டு 2018 அக்டோபருலயே சொல்லிருச்சு. அப்ப விக்கிறவன் ஒண்ணு சட்டத்த ஏய்க்கான், இல்ல ஒன்னைய ஏய்க்கான். முக்காவாசி ரெண்டாவதுதான், அதுல சோலி கம்மி. 80 சதவீதத் தள்ளுபடியப் பாத்து வாயப் பொளக்காத. நெசமான சிவகாசிக் கடையிலயும் வெலைப்பட்டியல்ல 1,000 ரூவான்னு போட்டு 200 ரூவாய்க்குத்தான் கொடுப்பான். அந்த 1,000 ரூவாய்க்கு வாங்குனவன் உலகத்துலயே கெடையாது. நேரா கடைக்கு வா. லைசென்சு சுவத்துல தொங்குதான்னு பாரு. பசுமைப் பட்டாசுப் பெட்டியில நீரி முத்திரையும் கியூஆர் கட்டமும் இருக்கும், அதைப் போன்ல தட்டிப் பாரு. எதுக்கெல்லாமோ தட்டுத, இதுக்கும் ஒரு தட்டு.

வாங்குனத மூட்டை கட்டி ரயில்ல மெட்ராசுக்குக் கொண்டுபோகலாம்னு மட்டும் நெனச்சிராத. பிடிபட்டா 3 வருசம் வரைக்கும் ஜெயிலு, இல்ல 1,000 ரூவா வரைக்கும் அபராதம், மாஜிஸ்ட்ரேட்டுக்கு மனசிருந்தா ரெண்டும். வெடிக்கவும் நேரம் வச்சிருக்கு கவர்மென்டு, காலையில 6ல இருந்து 7, ராத்திரி 7ல இருந்து 8. நீ எந்திரிக்கிற நேரத்துக்கு, சட்டப்படி ஒனக்கு ராத்திரி மட்டுந்தான்.

வாத்தியார் மகன் பணம் என்னாச்சுன்னு கேப்ப. கெடைக்கல. ஏமாந்தது வெளிய தெரிஞ்சா மானம் போயிருமேன்னு ஒரு வாரம் வாயத் தொறக்கல. 1930ன்னு ஒரு நம்பரு இருக்கு, சைபர் கிரைம் போலீசு. பணம் போன அந்த மணி நேரத்துக்குள்ள கூப்பிட்டா, அது திருடன் கணக்குல இருந்து அடுத்த கணக்குக்குத் தாவுறதுக்குள்ள மறிச்சுப் போடுவாக. எழுத்துல கொடுக்கணும்னா சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன். அந்த ஜிஓவி டாட் இன்னுங்குற வாலு இருக்கே, அதைக் கவனிச்சுக்க. அரசாங்கத் தளத்துக்கு அதுதான் அடையாளம். பாக்க லட்சணமா இருக்காது, ஒரு பக்கம் தொறக்குறதுக்குள்ள நான் ரெண்டு வெத்தல போட்டுருவேன். ஆனா ஒன் பையில கை விடாது.

எட்டயபுரம் ஆட்டுச்சந்தைக்குச் சின்னதுல எங்கூட வந்திருக்கியே, ஞாபகம் இருக்கா? சனிக்கெழம விடியக்காலம். தீவாளிச் சந்தைன்னா யாவாரி ஆட்டுக்குத் தண்ணியக் காட்டி வயித்த உப்பவச்சுத்தான் ஓட்டிக்கிட்டு வருவான். நான் வயித்தப் பாக்கவே மாட்டேன். தாடையப் பிடிச்சுப் பல்ல எண்ணுவேன். போன்ல விக்கிறவனும் வயித்தத்தான் காட்டுதான். பல்லு எங்கயோ பொடி எழுத்துல இருக்கு, நீ வயித்தப் பாத்தே பணத்த எடுக்க.

ஒன் தங்கச்சிக்கு இது தலைதீவாளி. மாப்பிள்ளைக்கு மோதரம் போடணும். கடையில ஏசி இருக்கு, கலர் தாராம்னு போயி ஒக்காந்துராத. நகையில மூணு முத்திரை இருக்கும்: பி.ஐ.எஸ். முத்திரை, 22கே916ன்னு தரம், பெறகு எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கம். ஹெச்.யு.ஐ.டி.ன்னு சொல்லுதாக. 2023 ஏப்ரல்ல இருந்து ஹால்மார்க் நகைன்னா இந்த ஆறு இலக்கத்தோடதான் விக்கணும். பி.ஐ.எஸ். கேர்னு ஒரு ஆப்பு, காசு கெடையாது. கடையில இருக்கும்போதே அதைத் தொறந்து அந்த ஆறையும் அடி. எந்தக் கடைக்குப் பதிஞ்சது, எங்க சோதிச்சது, என்ன தரம், என்ன நகை, எல்லாம் வரும். கையில மோதரம் இருக்கும்போது ஆப்புல தோடுன்னு வந்துச்சுன்னா ஒண்ணும் பேசாத. கடைக்காரர் மூஞ்சியப் பாத்துச் சிரி. எனக்குப் பல்லு போச்சு, ஒனக்குத்தான் இருக்கே.

ஹால்மார்க்குக்குன்னு பில்லுல எரநூறு, முந்நூறு போட்டா அதையும் கேளு. ஒரு நகைக்கு 45 ரூவாயும் அதுக்கு வரியுந்தான். எடை எத்தனை சவரனா இருந்தாலும் அதே 45. முத்திரையில சொன்னதை விடத் தரம் கொறைஞ்சிருந்தா, கொறைஞ்சதுக்கு ரெண்டு மடங்கு நட்டஈடு கொடுக்கணும்னு விதி இருக்கு. பில்லு இல்லாதவனுக்கு விதியும் இல்ல. "பில்லு வேண்டாம்னா கொறைச்சுத் தாரேன்"னு ஒருத்தன் சொன்னா, கொறையப் போறது எதுன்னு வெளங்கிக்க. சேதாரத்தப் பத்தி நான் வாயத் தொறக்கல. அது ஒன் பாட்டியோட எல்லை. அவ கடைக்குள்ள நொழைஞ்சாலே சேதாரம் ரெண்டு சதவீதம் தானா எறங்கும்.

பலகாரம் வீட்டுல சுடுதாக, அதனால உயிருக்குச் சேதமில்ல. கடையில வாங்கித்தான் ஆவேன்னா, சில்லறையா விக்கிற இனிப்புக்கும் எத்தனாந் தேதி வரைக்கும் திங்கலாம்னு தட்டுல எழுதி வைக்கணும், 2020 அக்டோபர்ல இருந்து அது சட்டம். பாக்கெட்டுல எப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. நம்பரு 14 இலக்கம் இருக்கும். எண்ணெய் கருத்திருந்துச்சு, நம்பரு இல்லன்னா 94440 42322ங்குற வாட்ஸப்புக்குப் படம் எடுத்து அனுப்பு, உணவுப் பாதுகாப்புத் துறை பாக்கும். தெனம் தோசையப் படம் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்புதியே, அதுல ஒண்ண உருப்படியா அனுப்பு.

அப்புறம் இந்த மெகா தள்ளுபடி. ராத்திரி 12 மணிக்குத் தொறக்குமாம், கடிகாரம் ஓடுமாம், 'இன்னும் ரெண்டே பீஸ்'னு செவப்புல மின்னுமாம். மறுநாளு போயிப் பாரு, அதே ரெண்டு பீஸ் அங்கேயே ஒக்காந்திருக்கும். இந்த மாதிரி ஏய்ப்புல 13 வகையப் பட்டியல் போட்டு 2023 நவம்பருலயே மத்திய அரசு தடை பண்ணியிருக்கு. பொய்யா அவசரப்படுத்துறது, கேக்காத சாமானைக் கூடையில போடுறது, எல்லாம் அதுல வருது. எங்க சந்தை யாவாரிக கேட்டா, 13 தானான்னு வருத்தப்படுவாக. கீப்பா, பைஹட்கேன்னு வெலையோட சாதகத்தக் காட்டுற தளங்க இருக்கு. டிவி வாங்குறதுக்கு முந்தி அதுல பாரு. ஆடியில 18,000 ரூவாய்க்கு வித்தத, புரட்டாசியில 25,000னு ஏத்தி, ஐப்பசியில 18,500க்கு எறக்கி 'தள்ளுபடி'ன்னு தருவான். ஒரு கோட்டுல எல்லாம் தெரிஞ்சுரும்.

அதையும் மீறிக் கெட்ட சாமான் வந்து, கம்பெனிக்காரன் பதில் சொல்லலன்னா 1915. தேசிய நுகர்வோர் ஒதவி எண், தமிழ்லயே பேசலாம். கம்பெனிக்காரங்கிட்ட இங்கிலீசுல மன்னிப்புக் கேட்டுக்கிட்டே சண்டை போடுதியே, அதை விட இது நல்லாருக்கும். அதுலயும் தீரலன்னா இ-ஜாக்ரிதி தளத்துல வழக்கே போடலாம். 5 லட்ச ரூவா வரைக்கும் உள்ள சாமானுக்குக் கட்டணம் கெடையாது. கம்பெனி எங்க இருந்தாலும், நீ குடியிருக்கிற ஊருலயே போடலாம். வக்கீலும் கட்டாயமில்ல. ஒனக்குப் பேச வரலன்னா சொல்லு, நான் சும்மாதான் இருக்கேன்.

மழைக்கு வாரேன். இது எங்க யாவாரம், நீ கொட்டாவி விடாமக் கேளு. வாட்ஸப்புல வாரதெல்லாம் வானிலை இல்ல. மெட்ராசு வானிலை மையத்துக்குத் தனித் தளமே இருக்கு. மஞ்சள்னா கனமழை, ஆரஞ்சுன்னா மிகக் கனமழை, செவப்புன்னா ஒரு நாள்ல 20 சென்டிமீட்டருக்கு மேல. ஊருப் பிள்ளைகளுக்கு இதுல ஒண்ணே ஒண்ணுதான் தெரியும், கலெக்டரு லீவு விட்டாரா இல்லையா. நம்ம சில்லாவுலயே 2023 டிசம்பர்ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கொட்டுச்சு. கலரு பாத்து ஒதுங்குனவன் பொழச்சான். இடிக்கு தாமினின்னு ஒரு ஆப்பு. கிட்ட மின்னல் வருதான்னு அது சொல்லும். கெடை போடுற நம்ம கீதாரிகிட்டச் சொன்னேன். "எங்க ஆடு காத விடைக்கும், அது போதும்"னாரு. அவரு ஆடு அவருக்கு. நீ புளியமரத்தடியில நின்னு செல்பி எடுக்குற ஆளு, ஒனக்கு ஆப்பு வேணும்.

கரண்டு போனா 94987 94987. கம்பி அறுந்து கெடந்தா குச்சிய வச்சுத் தள்ளிப் பாக்காம அந்த நம்பரத் தட்டு.

பயிர் இன்சூரன்ச நான் கட்டியாச்சு. மக்காச்சோளம், உளுந்துக்கெல்லாம் இந்தப் பட்டத்துல நம்ம பங்கு நூத்துக்கு ஒண்ணரை ரூவாதான். மழையில நெலம் மூழ்குனா 72 மணி நேரத்துக்குள்ள 14447க்குச் சொல்லணும், இல்ல இன்சூரன்சு ஆப்புல படத்தோட ஏத்தணும். அதுல கொஞ்சம் பொடி எழுத்து இருக்கு. தீவாளிக்கு வாரப்ப பட்டாசுக்கு முந்தி அந்த ஆப்ப என் போன்ல பதிஞ்சு கொடுத்துட்டுப் போ. இம்புட்டு நேரம் எதுக்கு ஒனக்குப் புத்தி சொன்னேன்னு நெனச்ச?

கோவில்பட்டியில எறங்குனதும் கடலைமிட்டாய் வாங்கிக்க. 2020ல புவிசார் குறியீடே வாங்குன சாமான் அது. ஸ்டேசன் வாசல்ல எவனாவது அதே பேரப் போட்டு எதையாவது நீட்டுவான், அந்த 14 இலக்கம் இருக்கான்னு பாத்து வாங்கு. பாக்கெட்டு ரெண்டாவே இருக்கட்டும். டாக்டரு எனக்கு இனிப்பு ஆகாதுன்னு எழுதிக் கொடுத்திருக்காரு, அதனால பில்ல மட்டும் ஒன் பாட்டி பேருல போடச் சொல்லு.