கசப்புத் தேடிப் போற கண்ணுக்கு

ஏங் கண்ணு, நேத்துப் பொழுதோட திண்ணையில உக்காந்து உன்ற சேக்காளிககிட்டச் சொல்லிட்டு இருந்தியே, 'நூறு ஐ.பி.யூ. கசப்பு இருந்தாத்தான் பீரு, மத்ததெல்லாம் கழனித்தண்ணி'ன்னு. எனக்குக் காது மந்தம்னு ஊரு பேசிக்குது. வேணுங்கிறது நல்லாவே கேக்கும்.

உன்னைய எனக்குத் தெரியாதா? பாகக்காய்ப் பொரியல் வெச்சா, சோத்துக்கு அடியில பொதைச்சு வெச்சவன் நீ. வேப்பங்கொழுந்தை அரைச்சு உருட்டி எடுத்துக்கிட்டு உன்ற ஆத்தா கட்டுத்தாரையைச் சுத்திச் சுத்தித் தொரத்துவா. ஓசியில வந்த கசப்ப வேண்டான்னவன், இன்னைக்குப் பெங்களூர்ல டம்ளர் முன்னூறு நானூறுன்னு குடுத்துக் கசப்பு வாங்குறே. நல்லாரு சாமி. 2017ல டெங்குக் காச்சல் அடிச்சப்ப கவர்மெண்டுல ஊரூரா நிலவேம்புக் கசாயம் ஊத்துனாங்க. குடிச்சவிகள்ல ஒருத்தராவது 'இன்னொரு டம்ளர் ஊத்துங்க'ன்னு கேட்டதா நாங் கேள்விப்படலே. அதுலயே கொஞ்சம் கேஸை ஏத்தி, நொரை கட்டி, யானைப் பேரை வெச்சிருந்தா நீயெல்லாம் வரிசையில நின்னுருப்பே.

யானைன்னு சும்மா சொல்லலே. பெங்களூர்ல 2012ல ஆர்பர் பிரூயிங் கம்பெனின்னு ஒண்ணு தொறந்தாங்க, அமெரிக்காவுல மிச்சிகன் கடையோட கூட்டு. அவிய காய்ச்சுற ஐ.பி.ஏ.ங்கிற கசப்பு பீருக்குப் பேரு 'ரேஜிங் எலிஃபண்ட்'. பர்கூர் மலையில நெச யானை நின்னா வண்டியத் திருப்பிக்கிட்டு ஓடியாறே. அங்க போயி வெறி புடிச்ச யானைய டம்ளர்ல வாங்கிக் குடிக்கிறே.

செரி, தேடறதுன்னு ஆயிப்போச்சு, வெவரமாத் தேடு. ஒரு லிட்டர் பீருல கசப்புச் சத்து ஒரு மில்லிகிராம் கரைஞ்சிருந்தா அது ஒரு ஐ.பி.யூ. அம்புட்டுத்தான் அந்த நெம்பர். கசப்பு வர்றது ஹாப்ஸுங்கிற கொடியில இருந்து. கஞ்சாவும் அதுவும் ஒரே குடும்பம், பங்காளி முறை. (இதை ஆத்தாகிட்டச் சொல்லிப்போடாதே.) பொட்டைக் கொடிப் பூவுக்குள்ள மஞ்சளா ஒரு பொடி இருக்கும். அதுல இருக்கிற ஆல்ஃபா அமிலம் சும்மா கெடந்தா பெருசாக் கசக்காது. ஒரு மணி நேரம் கொதிச்சாத்தான் ரூபம் மாறிக் கரைஞ்சு நாக்கைப் புடிக்கும். அடுப்பை அணைக்கிற நேரத்துல போட்டா வாசம் வரும், ஆறினப்பறம் பச்சையாப் போட்டா இன்னும் வாசம் வரும், கசப்பு பெருசா ஏறாது. அதனால 'எவ்வளவு ஹாப்ஸு போட்டீங்க'ன்னு கேக்காதே, 'எப்பப் போட்டீங்க'ன்னு கேளு. கடைக்காரன் உன்னைய ஒரு மாதிரி பாப்பான், பாக்கட்டும். இப்பத்த கலங்கலான ஐ.பி.ஏ.வுல மூட்டை மூட்டையாக் கொட்டுறாங்க. மாம்பழ வாசந்தான் அடிக்குது, கசப்பக் காணோம்.

அடுத்தது இந்த நெம்பர் பைத்தியம். டென்மார்க்ல மிக்கெல்லர்னு ஒரு கம்பெனிக்காரன் பீருக்கே '1000 ஐ.பி.யூ.'ன்னு பேரு வெச்சான். கனடாவுல ஃப்ளையிங் மங்கீஸ்காரன் 2500ன்னு சொல்லி ஒண்ணு வித்தான். கம்பெனிப் பேரே கொரங்கு, வேற என்ன சொல்லுவான்? நூறு, நூத்திச் சில்லறைக்கு மேல அந்தக் கசப்பு பீருல கரையறதே பெரும்பாடு. மீதி அத்தனையும் கணக்கு நோட்டுல ஏறுனது, டம்ளர்ல ஏறுனதில்ல. ஆடி மாசம் நம்ம குருநாதசாமி தேருக்குக் கூடுற குதிரைச் சந்தைய நீ பாத்ததில்லையா? வாயில சொல்ற வெலை ஒண்ணு, துண்டுக்குள்ள வெரலைப் புடிச்சு முடிக்கிற வெலை ஒண்ணு. பாட்டில் சீட்டுல இருக்கிற நெம்பரு வாயில சொல்ற வெலை.

அதுக்கும் மேல, நாக்கு மில்லிகிராம் எண்ணிக்கிட்டு இருக்காது. பீருக்கு வாற்கோதுமையில இருந்து வர்ற இனிப்பு கெட்டியா இருந்தா அறுபதும் சாதுவா எறங்கும். தண்ணியா இருந்தா நாப்பதே கொமட்டும். தண்ணியும் பேசும்: இங்கிலாந்துல பர்ட்டன்கிற ஊருத் தண்ணியில ஜிப்சம் சாஸ்தி, அதுல காய்ச்சுனா கசப்பு வெட்டுனாப்பல நிக்கும். நம்ம போர்த் தண்ணியில காய்ச்சுனா எப்படி இருக்கும்னு நெனைச்சாலே எனக்குச் சிரிப்பு வருது.

கலிபோர்னியாவுல ரஷ்யன் ரிவர்னு ஒரு ஆலை, அதுல 'பிளினி தி எல்டர்'னு ஒரு பீரு. எட்டு சதவீதம் சாராயச் சத்து, கசப்புல பேரு போனது, உலகமே மெச்சுது. பிளினிங்கிறது ரோமாபுரியில இருந்த ஒரு பெரியவரு, ஹாப்ஸு கொடியப் பத்திப் பொஸ்தகத்துல எழுதுனவருன்னு சொல்லிப் பேரு வெச்சாங்க. கி.பி. 79ல வெசூவியஸ் எரிமலை பொகையறப்ப, கிட்டப் போயிப் பாக்கறேன்னு கெளம்பிப் போயி அங்கயே செத்துப்போனவரு. உன்ற ரகம். எங்கயோ இருந்த கெழவம் பேரு போட்டா வரிசையில நின்னு வாங்குறீங்க, ஊட்டுக் கெழவன் வாயத் தொறந்தா மட்டும் போனை எடுத்துக்கிட்டு மாட்டுப்பக்கம் போயிருவீங்க.

இன்னொண்ணு. 'இந்தியா பேல் ஏல்'னு ஐ.பி.ஏ.வோட முழுப்பேருல நம்ம நாட்டுப் பேரு இருக்குதுன்னு நெஞ்சை நிமித்தாதே. நம்மளவிக யாரும் காய்ச்சலே. லண்டன்ல போ-ங்கிற எடத்துல ஜார்ஜ் ஹாட்ஜ்சன்கிறவன் ஆலை வெச்சிருந்தான். பதினெட்டாம் நூத்தாண்டுக் கடைசியில, பக்கத்துத் தொறையில நின்ன கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல் கப்தான்களுக்குக் கடனுக்கு ஊத்தி உட்டான். அது ஆப்பிரிக்காவைச் சுத்தி அஞ்சாறு மாசம் உருண்டு சென்னப்பட்டணமும் கல்கத்தாவும் வந்து சேந்துச்சு. ஹாப்ஸு பீரைக் கெடாமக் காக்கும்கிறது அவனுக்கு முன்னாலயே எல்லாருக்கும் தெரிஞ்ச சங்கதி. இந்தியாவுக்குன்னே அவன் ரோசனை பண்ணிக் கண்டுபுடிச்சான்கிறது பின்னால கட்டுன கதை. குடிச்சது வெள்ளைக்காரத் துரைமாருக. நம்ம பாட்டன் பூட்டனுக்குத் தென்னங்கள்ளும் பனங்கள்ளும் இருந்துச்சு, 1987ல அதுக்கும் தடை போட்டாங்க.

இப்பக் காரியத்துக்கு வா. நாலஞ்சு பீரை ஒப்பிடணும்னா சின்ன டம்ளர்ல வாங்கு, கசப்பு கம்மியானதுல இருந்து மேல போ. மொதல்லயே முரட்டு ஐ.பி.ஏ.வ ஊத்திக்கிட்டா பொறகு எதைக் குடிச்சாலும் ஒண்ணுதான். ஐஸாட்டம் குளுந்திருந்தா வாசம் ஒளிஞ்சுக்கும், சித்த நேரம் வெச்சுக் குடி. தொட்டுக்க உப்புப் போட்டு அவிச்ச கடலைக்கா வாங்காதே. உப்பு கசப்பை அமுக்கிப்போடும், அப்பறம் நீ தீர்ப்புச் சொல்றது கடலைக்காய்க்குத்தான். மொளகாய்ப் பஜ்ஜி கூடவே கூடாது, எரிச்சலும் கசப்பும் ஒண்ணாக் கூடி வாயி தீஞ்சுபோகும். பாட்டில்ல வாங்குனா தேதியப் பாரு, ஹாப்ஸு வாசம் மாசக் கணக்குல வெச்சா ஓடிப்போகும். பச்சைப் பாட்டில் வெயில்ல நின்னா நாத்தமெடுக்கும், பழுப்புப் பாட்டில்தான் தாங்கும். இதையெல்லாம் டாஸ்மாக்குல போயிக் கேட்டு என்ற மானத்தை வாங்காதே. அங்க விக்கறது முக்காவாசி பத்து ஐ.பி.யூ.வுக்கும் இருபதுக்கும் நடுவால நிக்கிற லாகரு. அங்கத்த ஒரே கேள்வி 'கூலிங்கா இருக்குதா'ங்கிறதுதான்.

பர்கூர் மலையேறி கொள்ளேகால் வழியாப் பைக்குல போறவன் நீ. எட்டு சதவீதத்தை உள்ள ஊத்திக்கிட்டு அந்தக் கொண்டை ஊசி வளைவுல வந்தீன்னா, ஐ.பி.யூ. கணக்கைப் போலீஸு கேக்க மாட்டாங்க, ஊதத்தான் சொல்லுவாங்க. பாட்டிலை மூட்டை கட்டிக் கொண்டாந்து செக்போஸ்ட்டுல 'எங்க அப்பாருக்கு மருந்துங்க'ன்னு என்ற பேரைச் சொல்லவும் வேண்டாம். அந்த யானைய நானே நேர்ல வந்து பாத்துக்கறேன். அடுத்த வாரம் பஸ்ஸுக்கு ஒரு டிக்கெட்டுப் போட்டு வை, ஜன்னலோரமா. ஆத்தா கேட்டா, கண்ணு டாக்டரைப் பாக்கப் போறோம்னு சொல்லிக்கலாம்.