சுவர் சோறு போடுமா?

கேள்வி: டிகிரி முடித்த என் மகன், இனி சுவரில் படம் வரைவதுதான் தொழில் என்கிறான். சுவர் சோறு போடுமா?
– ஒரு தாய், விருதுநகர்

பதில்: போடும். ஆனால் வேளாவேளைக்குப் போடாது!

சென்னையில் இந்திரா நகர் பறக்கும் ரயில் நிலையத்தைப் பார்த்திருக்கிறீர்களா? 2021இல் ஏ-கில், கத்ரா என்ற இரு ஓவியர்கள் அதன் முகப்பில் பெரிய பெரிய மனித முகங்களை வரைந்தார்கள். எச்.ஐ.வி. உள்ளவர்களை ஒதுக்காதீர்கள் என்று சொல்லும் ஓவியம். டிக்கெட் எடுக்காதவரும் பார்க்கலாம். எந்தக் கேலரிக்கு இத்தனை பேர் வருவார்கள்?

அவ்வளவு பெரிய முகத்தில் மூக்கு கோணாமல் வருவது எப்படி? சினிமா பேனர் வரைந்தவர்கள் கட்டம் போட்டார்கள். இன்றைய பிள்ளைகள் பலர் முதலில் சுவரெங்கும் கிறுக்குகிறார்கள்: ஓர் எழுத்து, ஒரு சுழி, ஒரு நட்சத்திரம். அதைச் செல்போனில் படமெடுத்து, அதன்மேல் ஓவியத்தைப் பொருத்தி, ‘இடது கண் அந்தச் சுழிக்குப் பக்கத்தில்’ என்று இடம் பிடிக்கிறார்கள். கிறுக்கலைப் பார்த்து அக்கம்பக்கத்தார் திட்டுவார்கள். அந்தத் திட்டெல்லாம் உங்கள் மகனுக்குச் சின்ன வயதிலேயே வீட்டில் பழகியிருக்கும்!

தெருச்சுவர் பெயர் வாங்கித் தரும். கஃபே, பள்ளி, ஆபீஸ் சுவர்கள் வாடகைக்கு வழி செய்யும். கூலியைச் சதுர அடிக் கணக்கில் பேசட்டும். பெயின்ட், சாரச் செலவு தனி என்று முதலிலேயே எழுதி வாங்கட்டும். அட்வான்ஸ் கைக்கு வராமல் பிரஷ்ஷை நனைக்க வேண்டாம்.