டைல்ஸ் கடைசியில்!

கேள்வி: சேரன்மகாதேவியில் பழைய வீடு. குளியலறையைப் புதுப்பிக்க ஒரு லட்சம் ஒதுக்கியிருக்கிறேன். எந்த டைல்ஸ் வாங்கலாம்?

பதில்: முதலில் பிளம்பரைக் கூப்பிடுங்கள். தாமிரபரணிக்கு மலை வாட்டம் கொடுத்திருக்கிறது. உங்கள் குளியலறைக்குக் கொத்தனார்தான் கொடுக்க வேண்டும். குழாய்க்கும் நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சுக்கும்தான் முதல் பணம். பூச்சு காய்ந்ததும் வடிகாலை அடைத்து, தண்ணீரைத் தேக்கி ஒருநாள் முழுக்க விட்டுப் பாருங்கள். டைல்ஸ் ஒட்டிய பிறகு கசிந்தால், உடைக்கவும் கூலி, ஒட்டவும் கூலி!

தூய்மை பாரதத் திட்டத்தின் உதவித்தொகை கழிப்பறையே இல்லாத வீட்டுக்கு. அதை வரவில் எழுதாதீர்கள். உங்கள் லட்சத்தில் 15,000 ரூபாயைத் தொடாமல் வையுங்கள், பழைய சுவர் கேட்கும். தரைக்குச் சொரசொரப்பு டைல்ஸ். ஆச்சி இருக்கும் வீடென்றால் கைப்பிடிக் கம்பி கட்டாயம். ஷவரைக்கூட அடுத்த வருஷம் வாங்கலாம்.